திருப்பணிக் குழுவினரே, பிராகாரத் தளத்தை உயர்த்தாதீர்கள்

குடமுழுக்குக்கு ஆயத்தமாகும் தமிழகக் கோயில்களின் திருப்பணிக் குழுவினருக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

பாலாலயம் (திருப்பணிக்காக இறைவனைத் தற்காலிக இடத்துக்கு மாற்றுவது) முடிந்த கையோடு பல ஊர்களில் பிராகாரத் தளத்தில்தான் கைவைக்கிறார்கள். பழைய கல் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது, மழைத் தண்ணீர் தேங்குகிறது, வயதானவர்களுக்குக் கால் தடுக்குகிறது. எல்லாம் நியாயமான குறைகள். ஆனால் பழைய கல்லின் மேலேயே நான்கு அங்குலம் கான்கிரீட், அதன்மேல் கலவை, அதன்மேல் புதுக் கல் என்று பதித்தால் தளம் ஏழெட்டு அங்குலம் ஏறிவிடும். அடுத்த குடமுழுக்கில் இன்னொரு அடுக்கு. இரண்டே திருப்பணியில், கருவறைச் சுவரைத் தாங்கும் அடிப்பீடமான அதிட்டானம் ஓர் அடிக்கு மேல் புதைந்துபோகும்.

ஓர் அடிதானே என்று விட முடியாது. ஒரே நிலை கொண்ட விமானத்தின் (கருவறையும் அதன்மேல் எழும் கோபுரமும்) உயரத்தைச் சிற்ப நூல்கள் எட்டுப் பங்காக்குகின்றன: அதிட்டானம் 1, கால் (சுவர்) 2, பிரஸ்தரம் (கூரைப்பகுதி) 1, கழுத்து 1, சிகரம் 2, தூபி (கலசம்) 1. இதன்படி 24 அடி விமானத்துக்கு அதிட்டானம் 3 அடி, சுவர் 6 அடி. அடியில் ஓர் அடி மறைந்தால் சுவர் அதிட்டானத்தைப் போல் மூன்று மடங்காகத் தெரியும். விமானத்தையே இறைவன் திருமேனியாகக் கண்ட மரபில் இது திருவடியை மூடுவதாகும்.

அதிட்டானத்தின் உறுப்புகளில் அடிக்கல் வரியான உபானம் முதலில் மறையும், பிறகு அதன்மேல் உள்ள பட்டையான ஜகதி, அதன்பின் அதற்கும் மேலே உருண்டு திரண்ட குமுதத்தின் கீழ்ப்பாதி. ஜகதியிலும் குமுதத்திலும் கல்வெட்டுகள் நிறைய உண்டு. கீழ் வரிகள் சிமெண்டுக்குள் போனால், மேலே அரசனின் புகழ் பாடும் மெய்க்கீர்த்தி மிஞ்சும். கொடுத்த நிலத்தின் நான்கெல்லை போய்விடும். ‘ஸ்ரீவிமானத்திலே கல்லிலே வெட்டுக’ என்று இராசராசன் ஆணையிட்டது தஞ்சையில் இன்றும் படிக்கக் கிடைப்பது அந்தக் கல் வெளியே இருப்பதால்தான். திருமழபாடியில் விமானத்தைப் பிரித்துக் கட்ட அவன் ஆணையிட்டபோது, பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்த ஒழுங்கு இது. இன்றைக்குக் கல்வெட்டைத் தாளில் மைப்படி எடுப்பது அதைவிட எளிது: கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்ற வேண்டும். வேலை தொடங்கும் முன்பே தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். பழைய தளத்தில் இடுக்கு வழியாக ஈரம் மண்ணில் இறங்கவும் மேலே ஆவியாகவும் வழி இருந்தது. கான்கிரீட் அதை அடைக்கிறது. ஈரம் சுவரை ஒட்டி ஏறி, சிமெண்டின் உப்பையும் கொண்டுவந்து கல்முகத்தில் பூக்கவிடுகிறது. கல்முகம் செதில் செதிலாக உதிர்கிறது, எழுத்தும் அதோடு போகிறது. வெளித்தளம் உயர உயர உள்தளம் பள்ளமாகி, பெருமழையில் கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்துக்குள் வெள்ளம் புகும். அபிஷேக நீர் வெளியேறும் வடபுறக் கோமுகிக்கும் தளத்துக்கும் இடைவெளி குறைந்து, அந்த நீர் அதிட்டானத்தின் மேலேயே தெறிக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. அதிட்டானத்தை ஒட்டி ஓரடிச் சதுரத்தில் ஒரு சோதனைக் குழி தோண்டுங்கள். கல்வெட்டு அறிந்த ஒருவர் அருகில் இருக்கட்டும். உபானத்தின் அடிவிளிம்பு தென்பட்டால் ஆதித்தளம் எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடும். பின்பு தளக்கற்களுக்கு எண் எழுதிப் பெயர்த்து, மண்ணைச் சீர்செய்து, மணல் படுகையில் அதே மட்டத்தில் திரும்பப் பதியுங்கள். இடுக்குக்குச் சுண்ணாம்புக் கலவை போதும். நூறு அடிக்கு ஓர் அடி வாட்டம் வைத்து, மதிலடியில் அடைபட்ட பழைய மடைத்துளைகளைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் தேங்குவதற்கு அந்த அடைப்பே காரணமாக இருப்பது உண்டு.

கல்லைச் சுத்தம் செய்ய மணல் வீச்சு (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சுவது) வேண்டவே வேண்டாம். எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். வீச்சு அதைத்தான் முதலில் தின்னும். எண்ணெய்ப் பிசுக்கைக் காகிதக்கூழ்ப் பற்றுப் போட்டு, பயிற்சி உள்ளவர்கள் எடுக்கட்டும். கருங்கல்லுக்கு எனாமல் வண்ணமும் கூடாது.

உங்கள் மதிப்பீட்டில் ‘புதிதாகக் கல்தளம் பதித்தல்’ என்று ஒரு வரி இருந்தால், கையெழுத்திடும் முன் அதை அடித்துவிட்டு, ‘மேலேற்றிய தளத்தை நீக்கி, பழைய கற்களை ஆதி மட்டத்தில் மீண்டும் பதித்தல்’ என்று எழுதுங்கள்.