பாலுவுக்கு, வரி பற்றி

அன்புள்ள பாலு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படியைக் கொஞ்ச நாள் மறந்துவிடு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. மாமரம் இந்த வருஷம் பூத்ததோடு சரி.

"என் வரியில் குண்டு வாங்குகிறார்கள், கட்டாமல் இருந்தால் என்ன?" என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதையேதான் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அமெரிக்காவின் பழைய எழுத்தாளர் தோரோதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தார். அடிமை முறையைக் காக்கிற அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று சொல்லி, 1846-இல் ஒரு ராத்திரி காங்கார்டு சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே அனுப்பிவிட்டார்கள். அத்தைதான் கட்டியிருப்பார் என்று சொல்வதுண்டு. ஆனால் அதே மனுஷன் சாலை வரியை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். அன்றைக்கு அது தனி, இது தனி. நீ அப்படிப் பிரிக்க முடியாது. 1943-லிருந்து உங்கள் ஊரில் சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துவிடுகிறார்கள். போவதும் ஒரே அண்டாவுக்கு. உன் முட்டிக்குச் செலவழித்த மெடிகேர் (உங்கள் அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு) பணத்திலும் ஒரு பங்கு அந்த அண்டாவில் மொண்டதுதானே!

1982-இல் ஒரு வழக்கு. பென்சில்வேனியாவில் ஆட்களை வைத்துத் தச்சு வேலை செய்த ஒருவர், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், தன் மதத்துக்கு ஒவ்வாது என்று சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டவில்லை. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்துவிட்டது. போர் பாவம் என்று நம்புகிறவர், பட்ஜெட்டில் போருக்குப் போகும் பங்கைக் கழித்துக்கொள்ள அப்புறம் கேட்பாரே என்று உன் கேள்வியையே தீர்ப்பில் உதாரணமாக எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பு சரியென்றே எனக்குப் படுகிறது. சத்துணவே வீண்செலவு என்று டீக்கடையில் கத்துகிற ஆள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். நீ கழித்தால் அவரும் கழிப்பார். ஆனால் நீ கேட்டது சட்டத்தை அல்ல. ராத்திரி தூக்கம் வராததற்கு நீதிமன்றம் என்ன செய்யும்?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்தபோதுதான் வேறொன்று உறைத்தது. மதுக்கடைக்கு எதிராக எத்தனை மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், உனக்கே தெரியும். வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளைகளில் எத்தனை பேரின் அப்பா முந்தின ராத்திரி குடித்துவிட்டு ரகளை செய்தவர் என்று எனக்குத் தெரியும். 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே டாஸ்மாக் வழியாக எடுத்துக்கொண்டது. இன்று மாநிலத்தின் சொந்த வருமானத்தில் மதுவுக்குப் பெரிய பங்கு. என் பென்ஷன் அந்தக் கஜானாவிலிருந்துதான் வருகிறது. அந்த அப்பாக்கள் குடித்த காசிலும் கொஞ்சம் என் கணக்கில் விழுகிறது. கொடுக்கிற பணம் எங்கே போகிறது என்று நீ கேட்கிறாய். வாங்குகிற பணம் எங்கிருந்து வருகிறது என்று நான் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன மாதமும் பென்ஷனை எடுக்கத்தான் செய்தேன். அதே வாரம் இன்னொரு மனுவிலும் கையெழுத்துப் போட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டில் எதையும் விட முடியவில்லை. அதனால் உன்னைக் கட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லைடா. நிம்மதியாகக் கட்டு என்றும் சொல்ல மாட்டேன்.

வரிக் கணக்குக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15-க்கு முன்னால் என்ன முடிவு செய்தாய் என்று எழுது. கமலாவிடம் ஊறுகாய் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
சேது