மிச்சப் பெயிண்டை வைத்துவிட்டு வா

அன்புள்ள மகளுக்கு,

வேலை சுத்தமாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஆனால் ஒருமுறை கூப்பிட்டவர்கள் மறுபடி கூப்பிடுவதில்லை என்று போனில் குறைப்பட்டுக்கொண்டாய். வாடிக்கையாளர்களோடு பழக்கம் வளர்ப்பது எப்படி என்றும் கேட்டாய். அவர்கள் மறுபடி கூப்பிடாததில் உன் தப்பு எதுவும் இல்லை. அலங்காரப் பெயிண்டிங் அடிக்கடி வருகிற வேலை இல்லையே! வேலை கொடுத்தவர் திரும்பக் கூப்பிடுவதைவிட, தன் தங்கைக்கு உன் நம்பரைக் கொடுப்பதுதான் நம் பிழைப்பு. அதற்கு வேலை பிடித்தால் மட்டும் போதாது. உன்னைத் தங்கை வீட்டுக்குள் நம்பி அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

அந்த நம்பிக்கை சாம்பிளிலேயே தொடங்குகிறது. கேட்டலாக்கில் விரல் அகலத் துண்டைக் காட்டி நிறத்தை முடிவு செய்யாதே. இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் அடிப்பூச்சான பிரைமர் முதல் மேலே மெல்லிசாகப் பூசும் கிளேஸ் வரை அத்தனை கோட்டும் அடித்து, அந்த அறையிலேயே சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடு. பகலில் சாம்பலாகத் தெரிவது ராத்திரி மஞ்சள் விளக்கில் பழுப்படிக்கும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரத்தில் அடர்ந்து தெரியும், காய்ந்ததும் வெளுக்கும் என்று முன்பே சொல்லிவிடு. இல்லாவிட்டால் முதல் நாள் சாயங்காலமே பதறிப்போய்ப் போன் செய்வார்கள். இரண்டு மூன்று நாள் பலகை அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும். அப்புறம் நீ போனால் அவர்களாகவே பேச்செடுப்பார்கள். கணவருக்கு எது பிடிக்கவில்லை, பெரியவர் எதற்கு முணுமுணுக்கிறார், எல்லாம் வெளியே வரும். பழக்கம் என்று நீ கேட்டாயே, அது அங்கேதான் முளைக்கிறது. நீ வாயைத் திறக்கவே வேண்டாம், காது கொடுத்தால் போதும்.

ஓதம் ஏறிய சுவரில் அடிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு கூப்பிடச் சொல். எவ்வளவு அழகான டிசைன் போட்டாலும் உப்புப் பூத்து, கொப்பளித்து, உரிந்துவிடும். அன்றைக்கு ஒரு வேலை கை நழுவும்தான். ஆனால் சரி என்று தலையாட்டிய நாலு பேரை மறந்தாலும், வேண்டாம் என்று சொன்ன உன்னை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

பழகிவிட்டார்களே என்று பணப் பேச்சைத் தள்ளிப் போடாதே. எந்தச் சுவர், எத்தனை கோட், பட்டி பார்ப்பது யார், அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். 'அப்படியே அந்தக் கதவுக்கும் ஒரு கை அடித்துவிடேன்' என்பார்கள். 'செய்யலாங்க, எவ்வளவு ஆகும்னு ராத்திரி அனுப்புறேன்' என்று சிரித்துக்கொண்டே சொல். யாரும் கோபிப்பதில்லை. சும்மா செய்துகொடுத்துவிட்டு உள்ளுக்குள் புழுங்குகிறோமே, அதுதான் உறவைக் கெடுக்கும். மனசு கேட்கவில்லை என்றால், பில்லில் அந்தத் தொகையை எழுதிக் கழித்துக் காட்டு.

ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகாதே. முடித்த வேலையைப் போட்டோ எடுக்கவும் கேட்டுவிட்டு எடு. இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை.

வேலை முடிந்ததும் மிச்சப் பெயிண்டைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் ஊற்றி அவர்களிடமே கொடு. அறை, நிறத்தின் எண், தேதி, பளபளப்பில்லாத மேட்டா, லேசாக மினுங்கும் சாட்டினா என்பதை மேலே எழுதிவிடு. கிளேஸ் கலந்த விகிதம் உன் நோட்டிலும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து நீயாகவே ஒரு போன் போடு. நாற்காலி உரசிய இடமோ சுவிட்ச் ஓரத்துக் கறையோ நிச்சயம் இருக்கும். போய் அரை மணி நேரத்தில் சரி செய்துவிட்டு வா. சதுரமாக அடித்து ஒட்டுப்போட்டது போல் விட்டுவிடாதே, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஓரத்தைக் கரைத்துவிடு. இதற்குக் காசு வாங்காதே. இந்த ஒரு டச்-அப் இலவசம் என்று கொட்டேஷனிலேயே போட்டுவிட்டால், நீ போன் செய்வதும் வேலை கேட்பதாகத் தோன்றாது.

நான் கொட்டேஷன் எழுதும் மாதிரி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள். உப்புத்தாள் தேய்க்கும்போது மாஸ்க் போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பதிலை அவளிடமே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா