புதருக்குள் சுட்டால் குண்டு நேராகப் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நடுவில் ஒரு வரி உறுத்தியது. கனமான, மொட்டைத்தலைக் குண்டு போட்டுச் சுட்டால் அது புதர், சுள்ளி எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு நேராகப் போய் மிருகத்தின் மேல் படும் என்று எழுதியிருந்தீர்கள். வேட்டைக்காரர்களிடையே காலங்காலமாகச் சுற்றும் கதை இது. 'புதர்த் துப்பாக்கி' என்று தனி வகையே இருப்பதாகச் சொல்லி .30-30, .35 ரெமிங்டன், .45-70 என்று தோட்டா ரகங்களின் பட்டியலும் போடுவார்கள். அச்சில் வந்துவிட்டால் இன்னும் நாலு பேர் நம்புவார்கள், அதனால் தயவுசெய்து ஒரு திருத்தம் போடுங்கள். ஏன் திருத்த வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பரவலாகப் புழங்கும் .30-06 ரைஃபிளை எடுத்துக்கொள்வோம். 180 கிரெயின், அதாவது 11.7 கிராம் குண்டு, வினாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. ஆற்றல் ஏறக்குறைய 3,900 ஜூல். இவ்வளவு வேகமாக வருவதை விரல் கனமுள்ள ஒரு சுள்ளி என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உண்மைதான், சுள்ளியால் அதை நிறுத்த முடியாது, வேகத்தைக்கூடப் பெரிதாகக் குறைக்காது. ஆனால் நிறுத்தவே வேண்டாமே, கொஞ்சம் திருப்பினால் போதும். 820 மீட்டர் வேகத்தில் போகும் குண்டை ஒரே ஒரு டிகிரி திருப்ப, பக்கவாட்டில் வினாடிக்கு 14 மீட்டர் வேகம் கிடைத்தால் போதும். குண்டு சுள்ளியின் நட்ட நடுவில் படாமல் ஓரத்தை உரசிக்கொண்டு போனால் அப்படி ஒரு தள்ளு கிடைத்துவிடலாம், எந்த இடத்தில் உரசும் என்பது சுடுகிறவர் கையில் இல்லை.

அந்த ஒரு டிகிரி என்ன செய்யும்? சுள்ளியைத் தாண்டி 50 மீட்டரில் மிருகம் நின்றால் குண்டு 87 சென்டிமீட்டர் விலகிப் போகும். 10 மீட்டரில் நின்றால் 17 சென்டிமீட்டர். மான் அளவுள்ள மிருகத்துக்கு இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி 20, 25 சென்டிமீட்டர் அகலம்தான், அதன் நடுவைக் குறிவைத்திருந்தாலும் 17 சென்டிமீட்டர் விலகினால் குண்டு வயிற்றில் போய் உட்கார்ந்துவிடலாம். அதே சுள்ளி மிருகத்துக்கு 2 மீட்டர் முன்னால் இருந்தால் விலகல் மூன்றரை சென்டிமீட்டர், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆக எந்தக் குண்டு என்பதைவிடச் சுள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி, அது சுடுகிறவரை நெருங்க நெருங்க ஆபத்தும் கூடும்.

இது திசை மாறுவதை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. இன்னொன்றும் இருக்கிறது. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் பள்ளங்கள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருந்தால், மேலே சொன்ன குண்டு நிமிடத்துக்குச் சுமார் 1,94,000 சுற்று சுழன்றுகொண்டு போகும். இந்தச் சுழற்சி இல்லாவிட்டால் கூர்முனைக் குண்டு காற்றில் குட்டிக்கரணம் போட்டுவிடும், ஏனென்றால் அதன் எடை பின்பக்கம் கூடுதல், காற்று அழுத்துவதோ முன்பக்கம். ஓடும் பம்பரத்தை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், தலையை ஆட்டிவிட்டு ஒன்று நிதானத்துக்கு வரும், இல்லை சாய்ந்துவிடும். சுள்ளியில் பட்ட குண்டும் அதே மாதிரிதான். தலையாட்டும் நேரத்தில் காற்றுத் தடை கூடி வேகம் குறையும், அந்த நிலையில் மிருகத்தின் மேல் பட்டால் முனை முன்னால் இருக்காது. வேட்டைக் குண்டு பட்டதும் முனை மலர்ந்து விரிய வேண்டும், பக்கவாட்டில் அடித்த குண்டு அப்படி விரியாது, ஆழமாகவும் போகாது. தாளில் சுட்டுப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும், வட்ட ஓட்டைக்குப் பதில் குண்டின் நீளத்துக்கு ஒரு கிழிசல் இருக்கும். மென்முனைக் குண்டாக இருந்தால் கொஞ்சம் தடித்த கிளையிலேயே விரியத் தொடங்கிவிடும், விரிந்த முனை ஒரு பக்கம் கோணிக்கொண்டால் அதற்கப்புறம் அது போகும் வழியை யாராலும் சொல்ல முடியாது. சின்னப் பிராணிகளுக்கென்று செய்த மெல்லிய உறை போட்ட 55 கிரெயின் குண்டுகள் இன்னும் மோசம், வினாடிக்கு 970 மீட்டருக்கு மேல் போகும் அவை ஒரு குச்சியிலேயே தூள்தூளாகிவிடலாம்.

கனமான குண்டின் கட்சிக்காரர்கள் 'எங்கள் குண்டு மட்டும் விலகாது' என்பார்கள் என்பதும் தெரியும். மரக்குச்சிகளை வரிசை வரிசையாக நட்டு, பின்னால் தாள் வைத்துச் சுட்டுப் பார்க்கும் சோதனையைப் பலர் செய்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் துப்பாக்கி சுடும் மைதானத்தில் செய்து பார்க்கலாம். எல்லாக் குண்டும் விலகும். கனமான, நீளமான குண்டு சராசரியில் கொஞ்சம் குறைவாக விலகுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம், ஆனால் வேட்டையில் சராசரி எதற்கு உதவும்? ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டித் தோட்டா, ஒன்று நேராகப் போகும், அடுத்தது எங்கோ போகும். இதில் இன்னொரு வேடிக்கை, .45-70 குண்டின் விட்டம் 11.6 மில்லிமீட்டர், .30 ரகக் குண்டுக்கு 7.8 தான். பருத்த குண்டு கூடுதல் சுள்ளிகளில் இடிக்கும் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. புதரைத் துளைத்து மிருகம் விழுந்தால் அந்தக் கதையைப் பத்து வருஷம் சொல்வார்கள், விழாவிட்டால் 'கை ஆடிவிட்டது' என்று முடித்துக்கொள்வார்கள். கதை இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அந்தத் துப்பாக்கிகள் மோசமானவை என்று நான் சொல்ல வரவில்லை. குட்டையானவை, அடர்ந்த காட்டில் சட்டென்று தோளுக்கு வரும், அதற்காக வாங்கலாம்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியம். மிக அதிகக் கெடுதல் செய்யும் சுள்ளி குழல் வாய்க்குப் பக்கத்தில் இருப்பது என்று பார்த்தோம். ஸ்கோப், அதாவது துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிநோக்கி, வழியாகப் பார்ப்பவருக்குக் கண்ணில் படாத சுள்ளியும் அதேதான். 9 மடங்கு உருப்பெருக்கத்தில் 100 மீட்டரில் நிற்கும் மிருகம் துல்லியமாகத் தெரியும்போது, 5 மீட்டரில் குறுக்கே நிற்கும் புல்லோ குச்சியோ கலங்கிக் கரைந்து காணாமலே போய்விடும், காட்சி லேசாக மங்கினால் உண்டு, பல நேரம் அதுகூட இருக்காது. போதாக்குறைக்கு ஸ்கோப் குழலுக்கு மேலே 4 சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாறை மேலோ விழுந்த மரத்தின் மேலோ துப்பாக்கியைச் சாய்த்துக் குறி பார்க்கும்போது ஸ்கோப்பில் வழி சுத்தமாகத் தெரியும், குழலின் வாய் மரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். தூரத்திலும் சிக்கல் உண்டு. 200 மீட்டருக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் குண்டு பார்வைக் கோட்டிலேயே போவதில்லை, பாதி வழியில் சில சென்டிமீட்டர் மேலே போகிறது. ஸ்கோப்பில் தெரியும் குறுக்குக்கம்பிக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிளை தொங்கினால் 'அது ஓரமாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும், குண்டு அந்த வழியாகத்தான் போகும்.

ஆகவே விசையைத் தொடும் முன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, வெறுங்கண்ணால் குழல் வாயிலிருந்து மிருகம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். உருப்பெருக்கத்தைக் குறைத்து வைத்தாலும் பக்கத்தில் இருப்பது ஓரளவு தெரியும். உயரமான புல்லில் படுத்துக்கொண்டு சுடுவதற்குப் பதில் உட்கார்ந்தோ முட்டி போட்டோ சுடலாம். அரை அடி நகர்ந்தாலே சில சமயம் வழி திறந்துவிடும், இல்லாவிட்டால் மிருகம் நகரும் வரை காத்திருக்கலாம், நகரவில்லை என்றால் சுடாமல் இருக்கலாம். வெறும் இலைதானே என்பார்கள். இலை பெரிதாக ஒன்றும் செய்யாது, சரி, ஆனால் இலைக்குப் பின்னால் காம்பும் கிளையும் இருக்குமே.

விலகிய குண்டு எங்கேயோ போய் விழத்தான் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். .30-06 குண்டு தடையில்லாமல் போனால் 4 கிலோமீட்டருக்கு மேல் போகும். மிருகத்துக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது என்று பார்த்துத்தான் வேட்டைக்காரர் சுட்டிருப்பார், ஆனால் சுள்ளியில் திரும்பிய குண்டு அந்த மேட்டைத் தாண்டி எழும்பிப் போகவும் வாய்ப்பு உண்டு. புதருக்குப் பின்னால் அசைவது என்னவென்று சரியாகத் தெரியாமல் சுடுகிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அதுவே தனிக் கடிதமாகிவிடும்.

குழலுக்குள்ளேயே மண்ணோ பனியோ அடைத்துக்கொள்வது வேறு விஷயம். அங்கே குறி தப்புவதெல்லாம் சின்னக் கவலை, குழல் வீங்கவோ வெடிக்கவோ செய்யலாம், சுத்தம் செய்யாமல் சுடவே கூடாது. இதைத் தடுக்கக் குழல் வாயை மூடி ஒரு துண்டு டேப் ஒட்டுவது நல்ல பழக்கம். குண்டுக்கு முன்னால் தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும், குறி மாறாது.

கடைசியாக, சுட்டபின் மிருகம் ஓடிவிட்டால் 'தப்பிவிட்டது' என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். சுட்ட இடத்திலிருந்து குண்டு போன கோட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால், வழியில் புதிதாக வெட்டுப்பட்ட சுள்ளியோ உள்மரம் வெளுப்பாகத் தெரியும் கிளையோ சிதறிய பட்டையோ கண்ணில் படலாம். அப்படி ஒன்று கிடைத்தால், மிருகம் நின்ற இடத்தில் ரத்தம் இல்லாவிட்டாலும் ரோமம் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும், குண்டு வயிற்றில் பட்டிருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு, உடனே துரத்தி அதை இன்னும் தூரம் ஓடவிடாமல், சில மணி நேரம் விட்டுத் தடம் பிடித்துப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்