அழிவது அலையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேல்நிலை வகுப்பில், இரு அலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்போது உண்டாகும் குறுக்கீட்டு விளைவைப் பல ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில், அப்பாடத்தில் மாணவர்கள் தவறாமல் சறுக்கும் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ‘அழிவுக் குறுக்கீட்டு விளைவு’ என்ற சொல்லே அந்த இடம். ஓர் அலையின் முகடும் (மேடு) மற்றோர் அலையின் அகடும் (பள்ளம்) சந்தித்தால் அலை அழிந்துவிடும் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அதன் ஆற்றல் எங்கே போயிற்று என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

கயிற்றின் ஒரு முனையிலிருந்து மேல்நோக்கிய துடிப்பையும், மறுமுனையிலிருந்து அதே அளவில் கீழ்நோக்கிய துடிப்பையும் அனுப்பினால், இரண்டும் நடுவில் பொருந்தும் கணத்தில் கயிறு நேர்க்கோடாகத் தெரியும். அந்தக் கணத்தைப் படம்பிடித்துக் காட்டினால் அலையே இல்லை என்றுதான் யாரும் சொல்வர். உண்மையில் கயிறு அப்போது ஓய்வில் இல்லை. அதன் துகள்கள் சில மேலும் சில கீழுமாக விரைந்துகொண்டிருக்கின்றன, இரு துடிப்புகளின் ஆற்றலும் முழுக்க இயக்க ஆற்றலாக இருக்கிறது. ஆகவேதான் மறுகணமே இரண்டும் உருக்குலையாமல் தத்தம் வழியே செல்கின்றன.

ஒளியை இரு நுண்பிளவுகள் வழியே செலுத்தித் திரையில் பொலிவுப் பட்டைகளையும் கரும்பட்டைகளையும் பெறும் யங்கின் இரட்டைப் பிளவுச் சோதனையிலும் இதே குறைதான். அலைநீளம் 600 நானோமீட்டர், பிளவுகளின் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், திரையின் தொலைவு 1 மீட்டர் என்றால், பட்டை அகலம் (அடுத்தடுத்த இரு பொலிவுப் பட்டைகளின் இடைவெளி) 1.2 மில்லிமீட்டர் என்று நொடியில் போட்டுவிடுவார்கள். ஒரு பிளவு மட்டும் தரும் ஒளிச்செறிவை 1 எனக் கொண்டால், இரண்டும் திறந்திருக்கையில் பொலிவுப் பட்டையின் மையத்தில் செறிவு எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலோர் 2 என்பர். வீச்சு (அலையின் உயரம்) இரட்டிப்பதால், அதன் இருமடிக்கேற்ப மாறும் செறிவு 4 ஆகிறது; கரும்பட்டையில் அது சுழியம்; திரை முழுவதற்குமான சராசரி 2. ஒளி எங்கும் அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இதைக் காதாலும் கேட்கலாம். ஒரே கைப்பேசியிலிருந்து கம்பி வழியே இரு ஒலிபெருக்கிகளுக்கு 340 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 1 மீட்டர். (இரு கைப்பேசிகள் ஆகா, அதிர்வெண் இம்மியளவு பிசகினாலும் விம்மல்தான் (ஒலி மாறிமாறி ஏறி இறங்குவது) கேட்கும்.) திறந்தவெளியில், இரு ஒலிபெருக்கிகளிலிருந்து வரும் பாதைகளின் வேறுபாடு அரை மீட்டராக, அதாவது அரை அலைநீளமாக, அமையும் இடத்தில் ஒலி தேய்ந்துபோகும். அங்கே நின்றபடி ஓர் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னால் சத்தம் கூடும்! சூத்திரத்தை எழுதுவதற்கு முன்பே இச்சோதனையைச் செய்துகாட்டவும், பாடநூலில் பட்டை அகலச் சூத்திரத்தின் அருகிலேயே செறிவுப் பரவலின் வரைபடத்தை அச்சிடவும் பாடத்திட்டக் குழுவினர் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்