ஆகஸ்ட் 4: ஆர்ஸ் ஊர்ச் சாமியாரின் திருநாள்

இயேசுவுக்குப் புகழ்! குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 4 புனித ஜான் மரிய வியான்னி திருநாள். பங்குத்தந்தையர்களின் பாதுகாவலர். வருடாவருடம் அவர் படத்தைப் போட்டு வாழ்த்து அனுப்புகிறோம், அவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால்தான் விழிக்கிறோம். அதனால் இந்தக் குறிப்பு.

பிறந்தது 1786இல், பிரான்சில் லியோன் பக்கத்தில், விவசாயக் குடும்பம். குருவாகப் படித்தபோது லத்தீன் ஏறவே இல்லை. நெப்போலியன் படைக்கு ஆள் பிடித்தபோது போகாமல் மலைக்கிராமத்தில் ஒளிந்திருந்தார் (இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், தப்பில்லை). ஒருவழியாக 1815இல் குருவானார்.

1818இல் ஆர்ஸ் கிராமத்துக்கு அனுப்பினார்கள். மொத்தமே 230 பேர் அளவு. 1859இல் இறக்கும்வரை 41 வருடம் அதே ஊர். வேகவைத்த உருளைக்கிழங்கே பல நாள் சாப்பாடு. ஏழைச் சிறுமிகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். ஆனால் அவர் வாழ்க்கை முக்கால்வாசி கழிந்தது பாவசங்கீர்த்தனத் தொட்டியில்தான் (மக்கள் தங்கள் பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் இடம்): சில நாட்கள் 16 மணி நேரம்கூட. வெளியூர்களிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து காத்துக் கிடந்தார்கள். தாங்க முடியாமல், தனிமையில் ஜெபிக்கலாம் என்று ஊரைவிட்டுக் கிளம்பியும் பார்த்தார், ஒன்றுக்கு மேற்பட்ட முறை. எனக்கு அவரைப் பிடித்ததே இதனால்தான். 1925இல் புனிதர் பட்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை வாழ்த்துப் படங்கள் வேண்டாம். நம் பங்குச் சாமியாரைப் பற்றி ஒரு நினைவை எழுதி அனுப்புங்கள், குரல் பதிவானாலும் சரி. 3ஆம் தேதி இரவுக்குள் வந்தால் தொகுத்து அவரிடம் கொடுத்துவிடலாம்.