கெலோனாவிலிருந்து அப்பாவுக்கு

மாதா துணை

கெலோனா,
ஜூலை 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் பாட்டியும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உங்கள் கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. போனில் பேசினால் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் எழுதினீர்கள் என்று மதினி சொன்னாள். இனி நானும் எழுதியே அனுப்புகிறேன். மதினி உரக்கப் படித்தால் அம்மாவும் கேட்டுக்கொள்வாள்.

“தையல் வேலையா, ஃபிட்டர் வேலையா, ஒன்றும் விளங்கவில்லை” என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும்தான் அப்பா. இங்கே கடல் கிடையாது. ஒக்கனாகன் ஏரிதான். 135 கிலோமீட்டர் நீளம், அகலம் நாலைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். அந்த நீளத்தை நம் தூத்துக்குடி வீட்டு வாசலிலிருந்து அளந்தால் கிட்டத்தட்ட நாகர்கோவில் போய்விடும். குறுக்கே மிதக்கும் பாலம் போட்டிருக்கிறார்கள், 2008இல் திறந்தது, அதன்மேல் லாரியெல்லாம் போகிறது. அண்ணனிடம் சொல்லுங்கள், அவன் நம்ப மாட்டான்.

கனடா என்றாலே பனி என்று அம்மா நினைக்கிறாள். ஜூலையில் இங்கே 35 டிகிரி சாதாரணம். வேர்க்காது, தோல்தான் காய்ந்து எரியும். சூரியன் மறைய இரவு 9 மணி ஆகிறது. அவ்வளவு நேரமும் ஜனங்கள் ஏரியில் படகில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு நிழல் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை.

போன மாதம் மேல்வீட்டுப் பெரியவர் படகுக்கு ஒன்று செய்து கொடுத்தேன். பனியில் அரைக்கால் சட்டையோடு நின்று தெரு முழுக்க எல்லார் வாசலையும் வழித்துவிடுவாரே, அவர்தான். வெயிலில் கிடந்து கிடந்து காது மடலில் கட்டி வந்து, டாக்டர் வெட்டி எடுத்திருக்கிறார். இனி நிழல் இல்லாமல் ஏரியில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். பேரப்பிள்ளைகளோடு படகில் போகாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

அவர் படகில் ஓட்டுகிறவர் தலைக்கு மேல் அலுமினியக் குழாயை வளைத்து ஒரு கட்டு நிற்கும். டவர் என்பார்கள். பிள்ளைகள் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் இழுபட்டு வருவார்கள். அந்தக் கயிற்றைக் கட்டத்தான் இது. உயரத்திலிருந்து இழுத்தால் ஆளை மேலே தூக்கும், அலையில் துள்ளிக் குதிக்கலாம். படகின் பின்பக்கம் தாழக் கட்டினால் அந்தத் தூக்கல் வராது.

நிழலுக்குப் போடுகிற மடக்குக் கூரையைப் பிமினி என்பார்கள். வளைந்த குழாய்கள் இரண்டு மூன்று, மேலே துணி, படகின் இரு ஓரத்திலும் கீல். இழுத்தால் விரியும், தள்ளினால் மடங்கிச் சாயும். டவர் இருக்கிற படகில் இதுதான் தகராறு. கூரையின் கால்கள் எழும்புகிற இடத்தில் டவரின் கால்கள் நிற்கின்றன. பெரியவர் கடையில் ரெடிமேடாக வாங்கி வந்தது பாதி விரிந்து டவரில் முட்டி நின்றுவிட்டது. டவருக்குக் கீழே தாழ்வாக ஒன்று போடலாம், ஆனால் அவர் ஆறடிக்கு மேல், நிமிர்ந்து நிற்க முடியாது. அதனால் டவரையே தூணாக வைத்து அதிலிருந்து சட்டத்தைப் பிடித்தேன்.

டவரில் துளை போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இழுவை முழுக்க அந்தக் குழாயில்தான் விழுகிறது, உள்ளே விளக்குக்கு ஒயரும் ஓடுகிறது. இரண்டு பாதியாகப் பிரிந்து பூட்டுகிற கிளாம்ப் வாங்கி, உள்ளே ரப்பர் வைத்து மாட்டினேன். எவர்சில்வர் போல்ட்டு அலுமினியத்தில் நேராகப் பட்டால் ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும். மரையில் அரிப்பைத் தடுக்கிற பசை தடவித்தான் முடுக்க வேண்டும்.

துணியை வெட்டுவதற்கு முன் இழுவைக் கொக்கியில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு படகுக்குப் பின்னால் தள்ளி நின்று, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நடந்தேன். பலகையில் வருகிறவன் அப்படித்தான் வீசிப் போவான். நூல் எங்கேயும் துணியின் விளிம்பைத் தொடக் கூடாது. தொட்டால் நிஜக் கயிறு ஒரே நாளில் அறுத்துவிடும். அதனால் துணியைக் கொக்கிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் தொங்கலும் விடவில்லை. இழுபட்டு வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கப் படகில் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்பது இங்கே சட்டம். அவர் கண்ணை மறைக்கக் கூடாது இல்லையா? முன்பக்கம் வாரை இழுத்துக் கட்டப் படகிலேயே துளை போட வேண்டியிருந்தது. மேல்பூச்சு சில்லுப் பெயராமல் இருக்க, டேப் ஒட்டி டிரில்லை முதலில் எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டேன். பூச்சைத் தாண்டிய பிறகுதான் நேராக விட்டேன்.

துணி அக்ரிலிக். நெய்வதற்கு முன்பே இழையில் சாயம் ஏறிவிடுவதால் சீக்கிரம் வெளுக்காது. துணிக்கு முன்னால் தையல்தான் போகும் என்று நீங்கள் சொல்வீர்களே, இங்கேயும் அதேதான். வெயிலுக்கு அசையாத டெஃப்லான் நூல் ஒன்று இருக்கிறது, விலை ஜாஸ்தி. பெரியவருக்கு அதைத்தான் போட்டேன். மூலைகளில் தோணிப் பாய்க்கு நீங்கள் வைக்கிற மாதிரியே மடித்து மடித்துத் தைத்தேன். பட்டறை முதலாளி அந்த மூலையை விரலால் தடவிப் பார்த்து, யாரிடம் படித்தாய் என்று கேட்டார். சொன்னேன்.

கூலியை வாடகையில் கழித்துக்கொள்வதாகப் பெரியவர் சொன்னார். எனக்கும் அதுதான் சௌகரியம். குளிர்காலத்தில் பட்டறையில் வேலை நேரம் குறைவு, நல்ல ஓய்வு. அம்மா கவலைப்பட வேண்டாம். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவாக இருக்கும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. இந்த ஏரியிலேயே கோக்கனி என்று ஒரு மீன் உண்டு, பெரியவர் பிடித்து வந்து தருவார். புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். வாசனைக்கு இறங்கி வந்தவர் ரொட்டியைத் தொட்டுச் சட்டியை வழித்துவிட்டார். அம்மா, நீங்கள் கொடுத்துவிட்ட மிளகாய்த்தூள் தீரப்போகிறது. சீலா மீனைச் சாப்பிட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

ஏரிக்கரையில் காற்று நன்றாக வருகிறது அப்பா, ஆனால் உப்பு இல்லை. சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பனிமய மாதா கோயிலில் கொடியேறியிருக்கும். ஆகஸ்ட் 5 அன்று நீங்கள் எல்லாரும் திருவிழாவுக்குப் போவீர்கள். நான் வேலைக்குப் போயிருப்பேன். அங்கே ராத்திரியாகும்போது நான் போன் செய்தால் யாராவது எடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம், கூட்டத்துச் சத்தம் கேட்டால் போதும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சிக்குப் பார்த்த மணப்பாட்டு மாப்பிள்ளை வீடு எனக்குச் சம்மதம்தான். தங்கச்சியிடம் அம்மா தனியாக ஒரு தடவை கேட்கட்டும், சித்தியை வைத்துக்கொண்டு வேண்டாம். அவள் பி.எட். முடிக்கட்டும், அதற்கு அவர்கள் ஒத்துக்கொண்டால் மேலே பேசுங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துக்கு முன்னால் கல்யாணம் என்று அவசரப்பட வேண்டாம், ஜனவரி என்றால் எனக்கும் தோதுப்படும்.

நகைக்காகத் துறைமுகப் பக்கத்துக் கொட்டகையை விற்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள் அப்பா. உங்கள் தையல் மேஜை அங்கேதான் கிடக்கிறது. பட்டாவில் பெரியப்பா பெயரும் இருக்கிறது, அவர் பிள்ளைகள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது. அண்ணனை வில்லங்கச் சான்றிதழ் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நகைக்கு நான் வேறு ஏற்பாடு செய்கிறேன்.

பாளையங்கோட்டையில் காது டாக்டரைப் பார்க்க அண்ணனோடு இந்த மாதமே போய் வாருங்கள். செலவை எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்