சுலைமானியாவிலிருந்து அம்மாவுக்கு

சுலைமானியா,
டிசம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

மச்சான் லீவு முடிந்து எர்பிலுக்குத் திரும்பியபோது கொண்டுவந்த உன் கடிதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் கிடைத்தன. சரியாகப் போன் பேசுவதில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். வேலை அதிகம், வேறொன்றுமில்லை. சண்டைக்கார ஊரில் இருக்கிறேனே என்றும் பயப்படாதே. ஈராக் என்றாலும் இது குர்து இன மக்களே நிர்வகிக்கும் பகுதி. இரவு பத்து மணிக்கும் குழந்தைகளோடு கடைத்தெருவில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள்.

குளிர்தான் பழக மாட்டேன் என்கிறது. மேல்மாடிப் பெரியவர் கேட்காமலேயே ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டரைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில்தான் சாப்பாடு. திராட்சை இலையில் அரிசியை மடித்து வேகவைக்கும் யாப்ராக், அப்புறம் பாதி கிளாஸ் சர்க்கரை போட்ட தேநீர்.

அவர் பழைய பெஷ்மெர்கா, அதாவது குர்துப் போராளி. 1974-இல் பதினேழு வயதில் ஈராக் அரசை எதிர்த்துத் துப்பாக்கியோடு மலையேறியவர். மறுவருடம் மார்ச்சில் ஈரானும் ஈராக்கும் அல்ஜீரியாவில் ஒப்பந்தம் போட்டன. அதுவரை ஆயுதம் கொடுத்த ஈரான் ஷா உடனே கையை விரித்துவிட்டார். இவர்கள் போராட்டமும் நொறுங்கியது. 1988-இல் சதாமின் ராணுவம் அன்ஃபால் என்ற பெயரில் ஊர் ஊராக ஆட்களை அள்ளியபோது இவர் தம்பியும் போனார். எலும்புகூடத் திரும்பவில்லை. தன்னை விதவை என்று சொல்ல அந்தத் தம்பி மனைவி இன்றுவரை யாரையும் விடுவதில்லை. இங்கே அம்னா சுரக்கா என்ற பழைய சிறையை அருங்காட்சியகமாக்கி இருக்கிறார்கள். குர்துகள் கணக்குப்படி அன்ஃபாலில் போன ஓர் உயிருக்கு ஒன்று என்று 1,82,000 கண்ணாடித் துண்டுகளை ஒரு கூடத்துச் சுவரெங்கும் பதித்திருக்கிறார்கள். அதற்குள் அவரோடு நடந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை, அம்மா.

துருக்கிப் பக்கத்துக் குர்துகளின் கெரில்லா இயக்கம் பி.கே.கே. துருக்கி அரசோடு 1984-இல் தொடங்கிய அதன் சண்டையில் 40,000 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். சிறையிலிருக்கும் தலைவர் ஓஜலான் ஆயுதத்தைக் கைவிடச் சொல்லி, ஜூலை 11-ஆம் தேதி இங்கே துக்கான் பக்கம் ஜாசனா குகை வாசலில் 30 பேர் துப்பாக்கிகளை ஒரு பெரிய அண்டாவில் போட்டுக் கொளுத்தினார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள். பெரியவர் வீட்டு டிவியில் பார்த்தோம். "பதிலுக்கு எழுத்தில் என்ன வாங்கினார்கள்?" என்று மட்டும் கேட்டார். இனி யார் பிள்ளையும் மலையில் சாகவேண்டாம் என்று எனக்கு நிம்மதிதான். ஆனாலும் அவர் கேட்டது நியாயம். 2017 செப்டம்பரில் இங்கே வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு மேல் தனிநாடு வேண்டும் என்றார்கள். எந்தப் பெரிய நாடும் ஏற்கவில்லை. மூன்றே வாரத்தில் குர்துகள் கையிலிருந்த கிர்குக் நகரத்தை ஈராக் ராணுவம் பிடித்துக்கொண்டது. இது பெரிய அநியாயம்.

பெரியவர் சதாமைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். 1994 முதல் குர்துக் கட்சிகள் இரண்டும் நாலு வருடம் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதைக் கேட்டால் மட்டும் தேநீர் போட எழுந்து போய்விடுவார்.

நேற்று ஊறுகாய் பாட்டிலைத் திறந்தேன். நம் வீட்டு அடுக்களையே கண்முன் வந்துவிட்டது. மார்கழிக் காலையில் பிள்ளையார் கோயில் மைக்செட் பாட்டுக்கு எரிச்சல்பட்டு இழுத்துப் போர்த்திக்கொள்வேனே, அதை ஒருதடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

சரி, சித்தப்பா விஷயம். கிணற்று மேட்டு வரப்புக்காக அப்பா கோர்ட்டுக்குப் போக வேண்டாம். ஒரு முழம் அவர் பக்கம் போனாலும் போகட்டும். சர்வேயர் வருகிற அன்று சித்தப்பாவையும் கூப்பிட்டு, வி.ஏ.ஓ. முன்னால் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடட்டும். வாய்ப்பேச்சோடு விட வேண்டாம். சித்தியோடு நீ பேச்சை நிறுத்தாதே. இந்த மாதப் பணம் தை பிறந்துதான் வரும். கம்பெனியில் பேங்கை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். நகைக்கடன் வட்டியை அக்காவிடம் வாங்கிக் கட்டிவிடு, நான் அவளுக்குத் தந்துவிடுகிறேன். பட்டா நகலைப் படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பச் சொல்.

உன் மகன்